கிணற்றடியில் ஒரு வல்லாரைப் பாத்தி

வல்லாரை ஈரத்தை விட்டு நகராத செடி. வன்னியோ ஆண்டின் பெரும்பகுதி ஈரத்துக்கு ஏங்கும் மண். இந்த இரண்டையும் ஒரே வளவுக்குள் ஆண்டு முழுவதும் சேர்த்து வைத்திருக்க முடியுமா என்பதுதான் நான் எடுத்துக்கொண்ட வேலை. முடியும். எப்படி என்பதை, முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் பக்கத்து வளவொன்றின் மண்ணையும் கிணற்றையும் வைத்து எழுதுகிறேன்.

ஐப்பசியில் பிடிக்கும் மாரி மழை தை வரை நிற்கும். அந்த மாதங்களில் முத்தையன்கட்டுக் குளத்தின் வாய்க்கால் கரைகளிலும் வயல் வரம்புகளிலும் வல்லாரை தானாகவே படர்ந்து கிடக்கும். சித்திரையை ஒட்டி ஓரிரு மழை பெய்தால் உண்டு. பிறகு சோளகக் காற்று எழும்பிவிடும். ஆனி, ஆடியில் அதே வாய்க்கால் கரையில் வெடித்த மண்தான் இருக்கும். ஆகவே இங்கே வல்லாரையை மாரிக்கால இலையாகவே பலர் நினைக்கிறார்கள். கோடையில் சந்தையில் பிடி பிடியாகக் கட்டி விற்பது வெளியிலிருந்து வருவது. அது எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்று விற்பவருக்கே தெரியாது.

மாரியில் சும்மா கிடைக்கிறதே, பிடுங்கிக்கொண்டு வந்தால் போதாதா என்று கேட்கலாம். வயல் வரம்பு இலையை நான் வீட்டுக்குள் எடுப்பதில்லை. மாரியில் விளையும் காலபோக நெல்லுக்குக் களைநாசினி அடிக்கும்போது முதலில் நனைவது வரம்புதான். வல்லாரை நிலத்தோடு ஒட்டிப் படரும் செடி. அடித்தது முழுவதும் அதன்மேல் விழுகிறது. இன்னொன்று எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த வயல் நீர் காலிலுள்ள சிறு காயம் வழியாக உடம்புக்குள் நோயைக் கொண்டுபோகும். மாரியில் வெறுங்காலுடன் சேற்றில் இறங்கி இலை பிடுங்குவது அந்த நோய்க்கு வழி திறந்துவிடும் வேலை. வல்லாரையைப் பெரும்பாலும் பச்சையாகவே உண்கிறோம். பச்சையாக உண்ணும் இலைக்கு, அது வளர்ந்த இடம் நம் கண்முன் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

நடுவதற்கு முன் செடியைச் சரியாக அடையாளம் காண வேண்டும். வல்லாரை இலை சிறுநீரக வடிவம். காம்பு இலையின் பிளவுக்குள் வந்து சேரும். நரம்புகள் அந்த இடத்திலிருந்து விசிறியாக விரியும். விளிம்பில் மழுங்கிய பற்கள் இருக்கும். கசக்கி முகர்ந்தால் கொத்தமல்லிக்கும் கரட் இலைக்கும் நடுவிலான ஒரு வாசம் வரும். இவை எல்லாம் ஒரே தாவரக் குடும்பம் என்பதால் அந்த வாசம். அழகுக்காகச் சாடிகளில் வளர்க்கும் நீர்ச்செடி ஒன்று தூரத்திலிருந்து பார்க்க வல்லாரை போலவே தெரியும். அதன் இலை முழு வட்டம். காம்பு இலையின் நடுவே குடைக்காம்பு போல் பொருந்தியிருக்கும். அது வல்லாரை அல்ல.

எனக்கு ஓடிகள் தந்தவர் பக்கத்து வளவு ஆச்சி. ஓடி என்று நான் சொல்வது, தாய்ச்செடியிலிருந்து நிலத்தில் படர்ந்து கணுவுக்குக் கணு வேர்விடும் தண்டை. அவருடைய கிணற்றடியில் இருப்பது சிறிய இலையுடன் தரையில் படரும் வகை. சந்தையில் கிடைப்பது நீண்ட காம்பும் பெரிய இலையும் கொண்டு குத்தாக நிற்கும் வகை. படரும் வகையில் கசப்பும் வாசமும் கூடுதல். குத்தாக நிற்பதில் ஒரு வெட்டுக்கு வரும் இலை கூடுதல். இரண்டையும் பாத்தியின் இரு முனைகளில் வைத்தேன். சம்பலுக்கு என் நாக்கு கேட்பது சிறிய இலையைத்தான்.

பாத்தி 10 அடி நீளம், 4 அடி அகலம். நடுவில் கால் வைக்காமல் இரு பக்கமும் இருந்து கை எட்ட வேண்டும் என்பதற்காகவே 4 அடி. எங்கள் பக்கத்துச் செம்மண் ஈரத்தில் காலோடு ஒட்டும். காய்ந்தால் அலவாங்கு இல்லாமல் பெயராது. மேட்டுப்பாத்தி மாரிக்கு நல்லது, ஆனால் ஆடியில் அது அப்பளமாகக் காய்ந்துவிடும். வல்லாரை சில நாள் தண்ணீர் தேங்கினாலும் தாங்கிக்கொள்ளும், வறட்சியைத்தான் தாங்காது. அதனால் பள்ளப்பாத்தியே இதற்குச் சரி. ஒன்றரை அடி ஆழத்துக்கு வெட்டினேன். மேல் மண்ணை ஒரு பக்கமும் அடிமண்ணை மறுபக்கமும் குவித்தேன். பின்னால் பாத்திக்குள் திரும்பிப் போவது மேல் மண் மட்டும்தான்.

அடியில் இட்டது பொச்சு. தேங்காய் உரித்த மட்டைகளைத் தொட்டியில் ஊறப்போட்டு, தண்ணீரை இரண்டு மூன்று முறை மாற்றினேன். முதலில் இறங்கும் செந்நிறச் சாயமும் உப்பும் இளம் வேருக்கு ஆகாது. ஊறிய மட்டைகளைக் குழிந்த பக்கம் மேல் பார்க்கும்படி நெருக்கமாக அடுக்கினேன். ஒவ்வொரு மட்டையும் சின்னக் கிண்ணமாகத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; நார் அதை மெதுவாக மேலே விடும். தென்னங்காணிகளில் மரத்தடியில் பொச்சுக் குழி வெட்டுவதும் இதே காரணத்துக்காகத்தான். அதன்மேல் காய்ந்த சீமைக்கிளுவை இலை ஒரு படை. அதற்கும் மேலே மேல் மண், மக்கிய மாட்டெரு, வாய்க்காலில் அள்ளிய மணல் மூன்றையும் கலந்து நிரப்பினேன். நிரப்பிய பிறகும் பாத்தியின் மட்டம் சுற்றுத் தரையை விட 3 விரல் தாழ்ந்தே இருக்கிறது.

எருவைப் பற்றி ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். பச்சைச் சாணத்தை வல்லாரைக்கு இடவே கூடாது. சமைக்காமல் உண்ணும் இலை இது, அதுவும் மண்ணைத் தொட்டபடி வளர்வது. குறைந்தது 4 மாதமாவது குவித்து மக்கிய, சாண வாசமே போய் மண் வாசம் வந்த எரு மட்டும்தான். அதே காரணத்துக்காக மலசலகூடக் குழிக்குக் கிட்டவும் பாத்தி அமைக்கக் கூடாது.

அடுத்தது தண்ணீர். இந்த வேலையில் நான் மிக அதிகமாக யோசித்த பகுதி இதுதான். மீள்குடியேறி வந்து இறைத்துத் துப்புரவாக்கிய கிணறு இது. கோடையில் நீர்மட்டம் நன்றாக இறங்கிவிடும். வல்லாரைக்கென்று தனியாக இறைக்க மனம் வரவில்லை. கிணற்றடியில் ஒவ்வொரு நாளும் வழிந்தோடும் தண்ணீரே ஒரு சிறு பாத்திக்குத் தாராளம். ஆனால் அதில் பாதி சவர்க்காரத் தண்ணீர். சலவைத்தூள் கரைந்த நீரிலுள்ள சோடியம் மண்ணில் சேரச் சேர மேற்பரப்பு இறுகி, தண்ணீர் உள்ளே இறங்காமல் நின்றுவிடும். தவிர, உண்ணும் இலைமேல் அதை ஓட விடுவதும் முறையல்ல.

எனவே கிணற்றடிச் சீமெந்து மேடையிலிருந்து தண்ணீர் வழிந்தோடி வரும் கானை ஓரிடத்தில் இரண்டாகப் பிரித்தேன். பிரியும் இடத்தில் இரண்டு பக்கமும் கல் வைத்து, நடுவே ஒரு காடி விட்டுச் சீமெந்து பூசினேன். காடிக்குள் ஒரு தகரத் துண்டு இறங்கும். உடுப்புத் தோய்க்கும்போதும் சவர்க்காரம் போட்டுக் குளிக்கும்போதும் தகரம் வல்லாரைப் பக்கத்தை மூடும். தண்ணீர் வாழைக்குப் போகும். அரிசி, மரக்கறி கழுவும்போதும் வாளி அலசும்போதும் தகரத்தை மாற்றிப் போட்டால் தண்ணீர் பாத்திக்கு வரும். பாத்தியின் தலைப்பில் மணலும் கூழாங்கல்லும் நிரப்பிய ஒரு சிறு குழி வைத்திருக்கிறேன். தண்ணீர் அதற்குள் இறங்கி, பொச்சுப் படைக்கு அடியால் பரவும், இலையை நனைக்காது. வீட்டில் எல்லோரும், சிறுவர்கள் உட்பட, தகரத்தை மாற்றப் பழகியதுதான் இந்த ஏற்பாட்டின் வெற்றி.

ஓடிகளை முதல் மழை பிடித்த கையோடு நட்டேன். இரண்டு மூன்று கணு இருக்கும்படி வெட்டி, வேருள்ள கணுவை மண்ணுக்குள் அழுத்தி, ஒரு சாண் இடைவெளியில் நட்டால் போதும். விதை வேண்டாம், முளைப்பது மெதுவாகவும் சீரில்லாமலும் இருக்கும். நிழலுக்கு நான்கு கப்பு நட்டு, மேலே கிடுகைப் பாதி வெளிச்சம் விழும்படி ஐதாகக் கட்டினேன். முழு வெயிலில் இலை சிறுத்துத் தடித்துப்போகும். அடர்ந்த நிழலில் காம்பு மட்டும் நீண்டு இலை மெலியும். காலை வெயில் படவும் மத்தியான வெயில் மறையவும் கிடுகை மேற்குப் பக்கமாகச் சரித்திருக்கிறேன். மாரியில் கழற்றிவிடலாம்.

மாசியில் ஒரு சிக்கல் வந்தது. புது இலைகள் மஞ்சளாக விரிந்தன. நரம்பு மட்டும் பச்சை. பழைய இலைகளுக்கு ஒன்றும் இல்லை. இளம் இலையில் இப்படி வந்தால் பெரும்பாலும் இரும்புக் குறைபாடு. மண்ணில் இரும்பு இல்லை என்பதல்ல. செம்மண்ணின் செம்மையே இரும்பினால்தான். எங்கள் கிணற்று நீர் கடினநீர்; கேத்தலின் உட்புறம் வெள்ளையாகப் படியும். அந்தச் சுண்ணாம்பு மண்ணின் காரத்தன்மையைக் கூட்டும்போது வேரால் இரும்பை எடுக்க முடியாமல் போகிறது. யூரியா போடச் சொன்னார்கள், போடவில்லை. அது இலையைப் பருக்க வைக்கும், இந்த நோயைத் தீர்க்காது. மக்கிய கூட்டெருவைச் செடிகளுக்கு இடையில் பரப்பி, கூரைத் தகரத்திலிருந்து பீப்பாயில் பிடித்து வைத்திருந்த மழைநீரைச் சில வாரம் ஊற்றினேன். அடுத்து வந்த இலைகள் பச்சையாகவே விரிந்தன. மாரியில் ஒரு பீப்பாயாவது பிடித்து வைப்பது இதற்காகவே தகும்.

கோழிக்கும் மயிலுக்கும் பழைய மீன்பிடி வலையைச் சுற்றிக் கட்டினேன். அது போதும். நத்தைதான் தொல்லை. பெரிய ஆபிரிக்க நத்தை மழை இரவில் ஒரு மூலையையே மழித்துவிடும். பாத்தி ஓரத்தில் நனைந்த சாக்கை விரித்து வைத்தால் விடியுமுன் அதற்கடியில் ஒதுங்கும். கையுறை போட்டுப் பொறுக்கி உப்புத் தண்ணீரில் போடலாம். நத்தையை வெறும் கையால் தொடக் கூடாது. எலியின் நுரையீரலில் வாழும் ஒருவகைப் புழுவின் குடம்பிகள் நத்தையின் உடம்பில் இருக்கக்கூடும். அவை மனிதரின் மூளையுறையை அழற்சியடையச் செய்யும். பச்சை இலையில் ஒட்டிய குட்டி நத்தையை அறியாமல் விழுங்குவது அதற்கொரு வழி. நான் நத்தைக்கு நஞ்சு இடுவதில்லை.

அறுவடையில் ஒரே விதி: பிடுங்கக் கூடாது. கத்தரிக்கோலால் காம்பின் அடியில் வெட்டி, நடுக்குருத்தையும் ஓடியையும் விட்டுவிட வேண்டும். பாத்தியை நான்கு துண்டாக மனத்தில் பிரித்து, ஒரு முறைக்கு ஒரு துண்டாக வெட்டுகிறேன். நான்காவதை வெட்டி முடிக்கும்போது முதலாவது மீண்டும் தயாராக இருக்கும். வெட்டிய துண்டுக்கு ஒரு கடகம் கூட்டெரு, அவ்வளவுதான்.

கழுவுவது அவசரமில்லாமல் செய்ய வேண்டிய வேலை. ஒவ்வொரு இலையாகப் பின்பக்கம் பார்த்து, முதலில் அகன்ற சட்டியில் அலசி மண்ணை இறக்க வேண்டும். பின் உப்பும் சிறிது வினாகிரியும் கலந்த தண்ணீரில் சிறிது நேரம் வைத்தால் ஒட்டியிருக்கும் பூச்சிகள் பிடியை விடும். கிருமி போவதற்கு உப்பை மட்டும் நம்பக் கூடாது. கடைசியில் ஓடும் தண்ணீரில் நன்றாக அலசுவதுதான் பெரிய பங்கு. வயிறு மென்மையான சிறு குழந்தைகளுக்கு நான் பச்சையாகக் கொடுப்பதில்லை, வறையாகவோ கஞ்சியாகவோதான்.

சம்பலுக்கு ஈரம் முழுவதும் உதறிய இலையை, காம்போடு சேர்த்துக் கட்டாகப் பிடித்து, கூரான கத்தியால் நூலாக அரிய வேண்டும். மழுங்கிய கத்தி இலையை நசுக்கும், கசப்புக் கூடும். சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், மிளகுத்தூள், உப்பு, அப்போதே துருவிய தேங்காய்ப்பூ. தேசிக்காய்ப் புளியைச் சோற்றுக் கோப்பை முன்னால் வந்த பிறகே விட வேண்டும். புளி பட்டதும் இலையின் பச்சையத்திலுள்ள மக்னீசியம் விலகி நிறம் பழுப்புப் பச்சையாக மங்கத் தொடங்கும். காலையில் பிசைந்து மத்தியானத்துக்கு வைத்த சம்பல் சோர்ந்து தெரிவது அதனால்தான்.

இந்தச் சேர்க்கையில் எங்கள் ஆச்சிமாரின் அறிவு இருக்கிறது. வல்லாரையில் பீட்டா கரோட்டின் நிறைய உண்டு; உடம்பு அதை விட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. கரோட்டின் கொழுப்போடு சேர்ந்தால்தான் குடலில் உறிஞ்சப்படும்; அந்தக் கொழுப்பைத் தேங்காய் தருகிறது. இலையிலுள்ள இரும்பு, மீனிலும் இறைச்சியிலும் உள்ள இரும்பைப் போல எளிதில் உடம்பில் சேராது; தேசிக்காயின் விட்டமின் சி அதற்குக் கை கொடுக்கிறது. சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேநீர் அந்த உதவியைக் கெடுத்துவிடும். தேநீரைச் சற்றுத் தள்ளிக் குடிப்பது நல்லது. கல்சியம், பொற்றாசியம், நார்ச்சத்து ஆகியவையும் உண்டு. ஆனால் இலையின் பெரும்பங்கு தண்ணீர். ஒருவர் ஒரு வேளைக்கு உண்பது ஒரு கைப்பிடி. கர்ப்பிணித் தாய்க்கு கிளினிக்கில் தரும் இரும்பு மாத்திரைக்குப் பதிலாக இந்தச் சம்பலை யாரும் வைக்கக் கூடாது. மாத்திரையும் வேண்டும், இலைக்கறியும் வேண்டும்.

இலைக்கஞ்சிக்கு மொட்டைக்கறுப்பன் பச்சையரிசி கிடைத்தால் அதுவே சிறப்பு. அரிசியை உள்ளியோடு குழைய வேகவைத்து, தேங்காய்ப்பால் விட்டு ஒரு கொதி வந்ததும், இடித்துப் பிழிந்த வல்லாரைச் சாற்றைக் கடைசியில் சேர்த்து, சூடேறியதும் இறக்கிவிட வேண்டும். கொதிக்க விட்டால் நிறமும் போகும், வாசமும் போகும். கடித்துக்கொள்ளப் பனங்கட்டி. காலையில் இதைக் குடித்துவிட்டு வயலுக்கு இறங்கும் மனிதருக்கு வேறு பலகாரம் தேவைப்படாது.

மருந்துக் குணம் பற்றி எழுதும்போது இன்னும் கவனமாக இருக்க விரும்புகிறேன். ‘வல்லாரை உண்டோரிடம் மல்லாடாதே’ என்று பழமொழியே உண்டு. சித்த மருத்துவத்தில் நினைவாற்றலுக்கும் தோல் நோய்க்கும் புண்ணுக்கும் காலங்காலமாகப் பயன்படுகிறது. இதில் புண், தோல் தொடர்பான பகுதிக்கு நவீன ஆய்வின் துணையும் இருக்கிறது. ஏசியாட்டிகோசைட், மடிகாசோசைட் முதலிய சேர்மங்கள், தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம் உருவாவதைத் தூண்டுகின்றன. உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட மருத்துவ மூலிகைத் தொகுப்பின் முதல் பாகத்திலேயே வல்லாரைக்கு இடம் கிடைத்தது. நினைவாற்றல் விடயத்தில் ஆதாரம் அவ்வளவு உறுதியில்லை. மனிதரிடம் நடந்த ஆய்வுகள் சிறியவை. அவற்றைத் தொகுத்து 2017-இல் வெளிவந்த மீளாய்வு, அறிவாற்றல் கூடுவதாகக் காட்ட ஆதாரம் போதவில்லை என்றே முடித்தது. பரீட்சைக்கு முன் பிள்ளைகளுக்கு வல்லாரைக் குளிசை வாங்கிக் கொடுக்கும் பெற்றோருக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். பிள்ளைக்கு வேண்டியது நித்திரையும் காலைச் சாப்பாடும்; அந்தச் சாப்பாட்டில் வல்லாரைச் சம்பல் இருந்தால் மகிழ்ச்சி.

செறிவாக்கிய குளிசை, நாள்தோறும் கோப்பைக் கணக்கில் சாறு என்பவை உணவு அல்ல, மருந்து. வாரக்கணக்கில் வல்லாரை மாத்திரை எடுத்தவர்களில் ஈரல் பாதிப்பு ஏற்பட்டதும், நிறுத்தியபின் குணமானதும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. ஈரல் நோயாளரும் கர்ப்பிணிகளும் நித்திரைக் குளிசை எடுப்பவர்களும் அந்த அளவில் எடுக்க முன் வைத்தியரைக் கேட்க வேண்டும். மண்வெட்டி பட்ட காயத்தில் பச்சை இலையைக் கசக்கிக் கட்டும் பழக்கத்தையும் விட வேண்டும். புண்ணை ஆற்றும் சேர்மம் இலையில் இருப்பது உண்மை. அந்த இலையில் ஒட்டிய மண்ணில் ஏற்புவலிக் கிருமி இருக்கக்கூடும் என்பதும் உண்மை. காயத்தைக் கழுவிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போவதே வழி.

உலர்த்தியும் பார்த்தேன். நிழலில் காயவைத்த இலை நிறத்தை ஓரளவு வைத்திருந்தது, வாசத்தை வைத்திருக்கவில்லை. பாத்தியில் ஆண்டு முழுவதும் பச்சையிலை நிற்கும்போது உலர்த்த வேண்டிய தேவையும் இல்லை.

ஆவணி வெயிலிலும் பாத்தி பச்சையாகவே நின்றது. இலை சற்றுச் சிறுத்ததே தவிர, ஓடிகள் படர்வது நிற்கவில்லை. இப்போது ஓடி கேட்டு வருபவர்களுக்கு வெட்டிக் கொடுக்கிறேன். கொண்டுபோகும்போது வேரை ஈரத் துணியில் சுற்றிக்கொள்ளுங்கள். அன்று மாலையே நட்டுவிடுங்கள். நத்தை முட்டை கூடவே வந்துவிடாதபடி பழைய மண்ணை முழுவதும் கழுவிவிட்டு நடுங்கள். குழியில் பொச்சு அடுக்கி முடிக்கும்வரை ஓடி வாங்க வரவே வேண்டாம்; பாத்தி தயாரானதும் வாருங்கள், எத்தனை வேண்டுமானாலும் தருகிறேன்.